காசும் களிம்பும்

அருப்புக்கோட்டையை ஒட்டியுள்ள பாளையம்பட்டி எங்கள் ஊர். ஒரு புறம் மழையை நம்பிய புன்செய்க் காடுகள். மறுபுறம் நூலும் சாயமும் தறியும். என் பத்தாம் வயதில், கோடை உழவு முடிந்து முதல் மழை பெய்த மறுநாள், திருச்சுழிப் பக்கம் எங்கள் உறவினர் காட்டில் நடந்துகொண்டிருந்தேன். மழைநீர் அரித்துச் சென்ற உழவுசாலில் பச்சை நிறமான சிறு வில்லை ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அது ஒரு காசு. மேலெல்லாம் களிம்பேறி, கரிசல் மண் அப்பிக்கிடந்தது. வெயிலிலே சற்றுச் சாய்த்துப் பிடித்தபோது, களிம்பிடையே ஏதோ ஓர் உருவமும், அதைச் சுற்றிச் சில மேடு பள்ளங்களும் மங்கலாகத் தெரிந்தன. அவை எழுத்துகளாக இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பே எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

எங்கள் வீட்டில் ஒரு செப்புக்குடம் இருந்தது. என் பாட்டியார் வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புளியும் உப்பும் இட்டுத் துலக்குவார். கறுத்துக் கிடந்த குடம் கண் முன்னே செக்கச்செவேல் என்று மாறும். குடத்துக்கு நல்லது காசுக்கும் நல்லதுதானே என்று நான் முடிவு செய்தேன். புளி, உப்பு, செங்கற்பொடி, தேங்காய் நார் ஆகிய நான்கையும் கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்து தேய்த்தேன். அரை மணி நேரத்தில் காசு பளபளத்தது. ஆனால் அதில் உருவமும் இல்லை, எழுத்தும் இல்லை. வழவழப்பான ஒரு செப்புத் தகடுதான் என் கையில் எஞ்சியது. பாட்டியார் அதை வாங்கிப் பார்த்து, "நல்லா வெளக்கியிருக்கே ராசா" என்று பாராட்டினார்.

பல ஆண்டுகள் கழித்து, நான் வேதியியல் ஆசிரியனான பிறகு, ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையில் ஏறக்குறைய அதே அளவுள்ள பாண்டியர் செப்புக்காசு ஒன்றைக் கண்டேன். அதில் மீன் சின்னமும், "சோணாடு கொண்டான்" என்ற தமிழ் எழுத்துகளும் இருந்தன. கி.பி. 1216இல் அரசேறி, சோழ நாட்டை வென்ற முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனுக்கு உரியவை என்று அத்தகைய காசுகளை அறிஞர்கள் கொள்கின்றனர். நான் துலக்கிய காசு யாருடையது? அதில் என்ன எழுதியிருந்தது? அதை இனி ஒருவராலும் சொல்ல முடியாது. எழுநூறு எண்ணூறு ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் அழியாத ஒன்றை நான் அரை மணி நேரத்தில் அழித்திருக்கக்கூடும். அந்த எண்ணம் என்னை உறுத்தியது. களிம்பு என்பது என்ன, அதை எவ்வளவு நீக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சோதனை செய்து அறிய வேண்டும் என்று அன்று உறுதி கொண்டேன். அந்தச் சோதனைகளைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

முதலில் களிம்பின் இயல்பைப் பார்ப்போம். களிம்பு நம் முன்னோர் நன்கு அறிந்த பொருள். உயிரோடு ஆணவ மலம் ஒட்டியிருப்பதை விளக்கவந்த சைவ சித்தாந்த ஆசிரியர்கள், செம்பையும் அதன் களிம்பையுமே உவமையாக எடுத்துக்கொண்டனர். களிம்பு வெளியிலிருந்து வந்து படிந்த தூசியன்று. செம்போடு உடன்தோன்றுவது என்பது அந்த உவமையின் கருத்து. வேதியியல் கூறுவதும் இதற்கு வெகுதூரம் விலகியதன்று. களிம்பு என்பது உருமாறிய செம்பே.

செம்பு காற்றில் உள்ள பிராணவாயுவோடு சேரும்போது முதலில் செந்நிறமான ஆக்சைடு ஒன்று உண்டாகிறது. இதற்குக் குப்ரைட் என்று பெயர். பிறகு ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து, அதன்மேல் பச்சை நிறமான காரச் செப்புக் கார்பனேட்டைத் தோற்றுவிக்கின்றன. மாலகைட் என்ற கனிமமும் இதுவே. ஆகவே மண்ணில் நெடுங்காலம் கிடந்த ஒரு காசை நடுவில் வெட்டிப் பார்த்தால், உள்ளே செம்பு, அதைச் சுற்றிச் சிவப்புப் படலம், அதற்கு மேல் பச்சைப் படலம், எல்லாவற்றுக்கும் மேலே மண் என்று அடுக்கடுக்காகக் காணலாம்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காசின் பழைய மேற்பரப்பு, அதாவது அச்சுத் தட்டியவன் எழுத்தைப் பதித்த அந்தத் தோல், இந்த அடுக்குகளில் எங்கே இருக்கிறது? உள்ளே உள்ள செம்பின் மேல் இருக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். அது தவறு. மேற்பரப்பில் இருந்த செம்பே களிம்பாக மாறிவிட்டதால், பல காசுகளில் எழுத்தின் வடிவம் அந்தச் சிவப்புப் படலத்தில்தான் தங்கியிருக்கிறது. எழுத்துக்கு மேலேயும் களிம்பு, எழுத்தும் களிம்பு, எழுத்துக்குக் கீழேயும் களிம்பு. களிம்பு முழுவதையும் கரைத்துச் செம்பைக் கண்டுவிட்டோம் என்று மகிழ்பவன், எழுத்தைத் தாண்டிப் போய்விட்டான் என்று பொருள். பத்து வயதில் நான் செய்தது இதுதான்.

இனிச் சோதனைக்கு வருவோம். இதற்கு எந்தக் காசை எடுப்பது? மண்ணில் கண்டெடுத்த பழங்காசைச் சோதனைக்கு உட்படுத்துவது முதல் தவற்றையே மீண்டும் செய்வதாகும். ஆகவே, அருப்புக்கோட்டையில் பழைய பித்தளை, செம்புச் சாமான்களை எடைக்கு வாங்கி விற்கும் ஒரு கடையில், களிம்பேறிய காலணாக் காசுகளாக இருபது பொறுக்கி எடுத்தேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835ஆம் ஆண்டுக் காசு முதல், விக்டோரியா அரசியின் இறுதிக்காலக் காசு வரை அவற்றில் இருந்தன. இவற்றைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இவை ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை. இருபது போனாலும் வரலாற்றுக்கு இழப்பில்லை. மேலும், இவற்றில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதும், எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் எனக்கு முன்பே தெரியும். அக்காலத்துச் செப்புக் காலணாவின் நிறை 100 கிரெயின். இக்கால அளவில் 6.48 கிராம். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்துத்தானே வழி சரியா தவறா என்று அறிய முடியும்?

இருபது காசுகளையும் நான்கு நான்காக ஐந்து தொகுதிகளாகப் பிரித்தேன். முதல் தொகுதியை ஒன்றும் செய்யாமல் ஒரு டப்பாவில் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். இரண்டாம் தொகுதிக்குப் பாட்டியாரின் புளியும் உப்பும். மூன்றாவதற்கு எலுமிச்சைச் சாறு. நான்காவதற்கு மின்பகுப்பு. ஐந்தாவதற்குத் தண்ணீரும் முள்ளும். ஒவ்வொரு காசையும் சோதனைக்கு முன்னும் பின்னும் நிறுத்து, படம் எடுத்து, குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டும் செப்புக் களிம்பைக் கரைக்கும். புளியிலிட்ட காசுகள் சில நிமிடங்களிலும், எலுமிச்சையிலிட்டவை ஓரிரவிலும் பச்சையை இழந்து இளஞ்சிவப்பாயின. பார்க்க அழகுதான். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தபோது உண்மை தெரிந்தது. மேற்பரப்பு முழுவதும் அம்மைத் தழும்புபோலக் குழிகள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தது. தராசும் அதையே சொன்னது. அந்த இளஞ்சிவப்பு நிறம்கூடக் காசின் பழைய தோல் அன்று. குப்ரைட் அமிலத்தில் கரையும்போது அதில் ஒரு பகுதி மீண்டும் செம்பாக மாறிக் காசின்மேல் படிகிறது. நாம் கண்டு மகிழ்வது அந்தப் புதுப் படிவைத்தான்.

மின்பகுப்பு முறையில், சலவைச் சோடாக் கரைசலில் காசை மின்கலத்தின் எதிர்முனையோடும், ஓர் இரும்புத் தகட்டை நேர்முனையோடும் இணைக்க வேண்டும். மின்சாரம் பாயும்போது காசின்மேல் ஹைட்ரஜன் குமிழிகள் எழுகின்றன. களிம்பு இளகி உதிர்கிறது. என் நான்கு காசுகளில் இரண்டு மிக நன்றாக வந்தன. கம்பெனியின் சின்னமும் ஆண்டும் தெளிவாகப் புலப்பட்டன. ஆனால் மூன்றாவது காசில் களிம்போடு எழுத்தும் பொருக்காக உதிர்ந்து பாத்திரத்தின் அடியில் விழுந்தது. நான்காவது விளிம்பில் பிளந்தது. உள்ளே உறுதியான செம்பு மிஞ்சியிருக்கும் காசுக்கு இம்முறை பயன்படும். உள்ளும் புறமும் களிம்பாகிவிட்ட காசுக்கு இது கூற்றுவன். எது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பச்சைப் போர்வைக்கு வெளியே நின்று நாம் எளிதில் அறிய முடியாது. ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு என்பதால், ஆசிரியர் துணையின்றி மாணவர்கள் இதைச் செய்யவே கூடாது.

ஐந்தாம் தொகுதிதான் என் பொறுமையைச் சோதித்தது. கூரையிலிருந்து முதல் மழையை ஓடவிட்டு, பிறகு பிடித்து வடிகட்டிய மழைநீரில் காசுகளை ஊறவைத்தேன். சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றினேன். மண் மெல்ல மெல்ல இளகியது. பிறகு உருப்பெருக்கியின் கீழ் வைத்து, கருவேல முள்ளால் மண்ணையும் தளர்ந்த பச்சையையும் நெம்பி நெம்பி எடுத்தேன். எங்கள் பக்கத்தில் இந்த முள்ளுக்குப் பஞ்சமே இல்லை. மண்ணைக் கிளறுமளவுக்கு அது கடினமானது. ஆயினும் செம்பைக் கீறாது. ஊசியோ கத்தியோ கீறிவிடும். ஒரு காசுக்குப் பதினோரு மாலைப்பொழுதுகள் ஆயின. காசு பளபளக்கவில்லை. கரும்பச்சையும் பழுப்புமாகவே இருந்தது. ஆனால் எழுத்து இருந்தது, ஆண்டு இருந்தது, சின்னத்தின் இருபுறமும் நிற்கும் உருவங்களின் கால்கூடத் தெரிந்தது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அதன் பொருளை எனக்கு அந்த முள் கற்பித்தது.

இத்துடன் சோதனை முடிந்தது என்று எண்ணினேன். அது பங்குனி மாதம். ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கார்த்திகையில் டப்பாக்களைத் திறந்தபோது, புளியிலும் எலுமிச்சையிலும் துலக்கிய எட்டுக் காசுகளில் ஐந்தின்மேல் வெளிர்பச்சைத் துகள்கள் பூத்திருந்தன. ஊதினால் பறந்தன. அவற்றின் அடியில் புதிய குழிகள். ஒன்றும் செய்யாமல் வைத்திருந்த முதல் தொகுதியில் இந்தத் துகள் இல்லை. மழைநீர்த் தொகுதியிலும் இல்லை. துலக்கியதால் காசுக்கு ஏதோ நோய் வந்திருந்தது.

என் அண்டை வீட்டில் நூலுக்குச் சாயம் போடும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் காசைக் காட்டினேன். "எந்தத் தண்ணியில கழுவுனீங்க, வாத்தியாரய்யா?" என்று கேட்டார். வீட்டுக் கிணற்றில் என்றேன். "அந்த உப்புத் தண்ணியில போட்டா நூலே தேறாது, காசு எப்படித் தேறும்?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. வேதியியல் ஆசிரியன் மறந்ததைச் சாயக்காரர் மறக்கவில்லை.

உவர்நீரில் உள்ள உப்பு குளோரைடு. புளியோடு நான் சேர்த்த சமையல் உப்பும் குளோரைடே. அமிலம் குடைந்த குழிகளில் அது தங்கிவிட்டது. செம்பும் குளோரைடும் சேர்ந்து குப்ரஸ் குளோரைடு என்ற சேர்மம் உண்டாகும். காற்று உலர்ந்திருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். ஈரம் வந்ததும் பிராணவாயுவோடு சேர்ந்து, வெளிர்பச்சைத் துகளாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் மாறும். அந்த அமிலம் புதிய செம்பைத் தாக்கி மீண்டும் குளோரைடை உண்டாக்கும். அதிலிருந்து மீண்டும் துகளும் அமிலமும் பிறக்கும். வட்டி குட்டிபோட்டு முதலை விழுங்குவது போல, மிகச் சிறிதளவு உப்பு ஒரு காசு முழுவதையும் தின்றுவிடும். இந்தச் சுழற்சியைப் பிரெஞ்சு வேதியியலறிஞர் பெர்த்தலோ 1890களிலேயே விளக்கினார். இதற்கு வெண்கல நோய் என்று பெயர். வெண்கலத்துக்கு மட்டுமன்றிச் செம்புக்கும் இது வரும். பாட்டியாரின் குடத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கலாம். குடம் கனமானது, மேற்பரப்பு வழவழப்பானது, துலக்கியபின் நிறைய நீர்விட்டு அலசி, துணியால் துடைத்து வைப்பார்கள், அடுத்த வாரமே மீண்டும் துலக்குவார்கள். துலக்குந்தோறும் சிறிது தேய்ந்தாலும் குடத்தில் படிப்பதற்கு எழுத்து ஒன்றும் இல்லை.

இங்கே என் சோதனையில் இருந்த ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அமிலத் தொகுதிகளைக் கிணற்றுநீரில் கழுவினேன். முள் தொகுதிக்கு மழைநீரைப் பயன்படுத்தினேன். ஒரே நேரத்தில் இரண்டு காரணிகளை மாற்றிவிட்டதால், கேடு அமிலத்தால் வந்ததா, நீரால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. மறு ஆண்டு புதிதாக நான்கு காசுகளை எலுமிச்சைச் சாற்றிலிட்டு, மழைநீரிலேயே பலமுறை கழுவி உலர்த்தினேன். அந்த மழைக்காலத்தில் அவற்றில் துகள் பூக்கவில்லை. ஆனால் குழிகள் மட்டும் முன்போலவே இருந்தன. ஆகவே குழிக்குக் காரணம் அமிலம். நோய்க்குக் காரணம் உப்பு. இவ்வளவையும் சொல்ல எனக்கு இரண்டு கார்த்திகைகள் தேவைப்பட்டன.

நோய் கண்ட ஐந்து காசுகளை என்ன செய்தேன்? சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் சேர்ந்த சோடியம் செஸ்குவிகார்பனேட்டு என்ற உப்பை நூற்றுக்கு ஐந்து வீதம் வாலைநீரில் கரைத்து, அதில் ஊறவைத்தேன். கரைசலை மாற்றி மாற்றி வைக்கும்போது குளோரைடு மெதுவாக வெளியேறும். கழுவிய நீரில் குளோரைடு இன்னும் இருக்கிறதா என்று அறிய, அதில் சிறிது நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் விட்டால் போதும். குளோரைடு இருந்தால் பால்போலக் கலங்கும். கல்லூரிச் சோதனைச்சாலையில் நீங்கள் செய்யும் உப்புப் பகுப்பாய்வுதான் இது. கலக்கம் நிற்கப் பல மாதங்கள் ஆயின. இக்கால ஆய்வகங்களில் பென்சோட்ரையசோல் என்ற மருந்தும் பயன்படுகிறது. செம்பின்மேல் அது மெல்லிய காப்புப் படலமாக அமையும். அதைக் கொண்டு வெண்கல நோயைத் தடுக்கலாம் என்பதை மேட்சன் என்ற டென்மார்க்கு நாட்டு வல்லுநர் 1967இல் வெளியிட்டார். அது கையாளத் தெரிந்தவர்கள் கையாள வேண்டிய பொருள். நம் போன்றவர்க்கு எளிய காப்பு உலர்ச்சியே. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே இருந்தால் நோய் பெரும்பாலும் அடங்கிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்காக் குறுமணிப் பொட்டலம் ஒன்றை இட்டு வைப்பது அதற்காகத்தான்.

நான் பட்ட தொல்லையைப் பெரிய பெரிய நிறுவனங்களும் பட்டிருக்கின்றன என்று அறிந்தபோது சிறிது ஆறுதல் அடைந்தேன். எகிப்திலிருந்து வந்த தொல்பொருள்கள் உப்பால் சிதைவதைக் கண்டு, பெர்லின் நகர அரச அருங்காட்சியகங்கள் 1888இல் பிரெடரிக் ராட்கென் என்ற வேதியியலறிஞரை அமர்த்தின. முதல் உலகப்போரின்போது பாதுகாப்புக்காக நிலத்தடிச் சுரங்கத்தில் வைக்கப்பட்ட பிரித்தானிய அருங்காட்சியகத்துப் பொருள்கள், போர் முடிந்து வெளியே வந்தபோது பழுதுபட்டிருந்தன. அதன் விளைவாக அலெக்சாண்டர் ஸ்காட் என்பவர் தலைமையில் 1920இல் அங்கே ஓர் ஆய்வகம் பிறந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்குள், 1930இல், நம் சென்னை அரசு அருங்காட்சியகத்திலும் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தோன்றிவிட்டது. எஸ். பரமசிவன் என்ற தமிழ் வேதியியலறிஞர் அங்கே மின்பகுப்பு முறையால் செப்புத் திருமேனிகளின் நோயைத் தீர்த்தார். எனக்கு இரண்டு காசுகளைக் கெடுத்த அதே மின்பகுப்பு, அறிந்தவர் கையில் மருந்தாக இருந்தது.

கடையில் நான் பொறுக்கிய காசுகளுக்கிடையே 1808ஆம் ஆண்டு பொறித்த பத்துக் காசு நாணயம் ஒன்றும் கலந்து வந்தது. அதைச் சோதனையில் சேர்க்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னை மாகாணத்துக்கென்று கம்பெனியார் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் அச்சடித்த நாணயம் அது. ஒரு புறம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம். மறுபுறம் பாரசீக எழுத்தில், பத்துக் காசு இரண்டு பலூசு என்ற விளக்கம். இதே நாணயங்களைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்டனர் என்ற கப்பல், 1809ஆம் ஆண்டு சனவரியில், இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் இலட்சக்கணக்கில் அவற்றை மீட்டனர். ஒரே அச்சில் பிறந்த காசுகளுள் ஒன்று கடலடியில் கிடந்தது. மற்றொன்று நம் சந்தைகளில் உப்புக்கும் மிளகாய்க்கும் கைமாறித் தேய்ந்தது. இரண்டின் களிம்பும் ஒன்றாக இராது. எந்த நீரில், எந்த மண்ணில், எவ்வளவு காலம் கிடந்தது என்பதைக் களிம்பும் எழுதி வைத்திருக்கிறது. காசில் நாம் படிக்க வேண்டியது அரசன் பெயர் மட்டுமன்று.

ஆயினும் பெயர் எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். பெருவழுதி என்ற பெயரைச் சங்கப் புலவர்கள் பாடிய பாண்டியர் வரிசையில் அறிவோம். நெடுங்காலம் அப்பெயருக்கு ஏட்டுச்சான்றே முதன்மையாக இருந்தது. 1980களில் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி சதுரமான சிறிய செப்புக்காசு ஒன்றை ஆராய்ந்து வெளியிட்டார். அதன் ஒருபுறத்தில் குதிரை; அதன் மேலே தமிழ் பிராமி எழுத்தில் பெருவழுதி என்ற பெயர். விரல்நுனி அளவுள்ள ஒரு செப்புத் துண்டு சங்க காலத்துப் பெயர் ஒன்றுக்கு நேர்ச்சாட்சியாக நின்றது. அந்தக் காசு முதலில் என்னைப் போன்ற ஒரு சிறுவன் கையிலும், புளி உப்பிலும் அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு நான் சொல்வன இவை. மண்ணில் பழங்காசு கிடைத்தால் முதலில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் காடு, எவ்வளவு ஆழம், அருகில் ஓடு, மணி, செங்கல் ஏதேனும் கிடந்ததா என்று எழுதுங்கள். எங்கள் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022இல் அகழாய்வு தொடங்கிய தொல்லியல் துறையினர், ஒரு சிறு மணியைக்கூட அதன் ஆழத்தைக் குறிக்காமல் எடுப்பதில்லை. அடுத்து, காசைக் கழுவாதீர்கள்; காகிதத்தில் பொதிந்து உலர்ந்த டப்பாவில் வையுங்கள். மூன்றாவதாக, உரியவர்க்குத் தெரிவியுங்கள். மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். சோதனை செய்யும் ஆவல் இருந்தால் கடையில் எடைக்குக் கிடைக்கும் காலணாக்களே போதும். அவற்றில் கெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கெடுத்துக் கற்றுக்கொள்ளலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த மாணவன் ஒருவன் கரிசல் மண் அப்பிய காசு ஒன்றைக் கொண்டுவந்தான். அவன் தந்தையார் வாய்க்கால் வெட்டும்போது கிடைத்ததாம். "துலக்கிக் கொடுங்கள், ஐயா" என்றான். மழைநீரில் நனைத்து, தானே உதிர்ந்த மண்ணை மட்டும் எடுத்தேன். ஓரத்தில் மீன்வால் ஒன்று தெரிந்தது. அதற்கு மேலே மேடான பச்சை. அதன் அடியில் எழுத்து இருக்கலாம். முள் என் கையில்தான் இருந்தது. பத்து வயதில் இருந்த அதே ஆவல் விரல்நுனிவரை வந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

முள்ளைக் கீழே வைத்தேன். இன்று ஊடுகதிர்க் கருவிகளைக் கொண்டு, களிம்பைத் தொடாமலே உள்ளிருக்கும் எழுத்தைப் படம் எடுக்க முடிகிறது. நான் இன்று நீக்காமல் விட்டதை நாளை வேறொருவர் படிக்கலாம். நான் நீக்கிவிட்டதை ஒருவரும் படிக்க முடியாது. தந்தையும் மகனும் கிடைத்த இடத்தைக் குறித்து எழுதிய தாளோடு காசை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படைத்து, இரசீது பெற்று வந்தனர். என் மேசை அறையில் அந்தப் பழைய வழவழப்பான செப்புத் தகடு இன்றும் இருக்கிறது. மாணவர்கள் வந்தால் அதைத்தான் முதலில் அவர்கள் கையில் கொடுக்கிறேன். இரு புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றும் இல்லையே, ஐயா" என்பார்கள். ஆம் என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து கதையைத் தொடங்குவேன்.